மின்வேதியியல், ஒளிவினையூக்க ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியல் படித்துவிட்டு, பொருள் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர நினைப்பவர்களும், சேர்ந்து முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சோதனை மேசையில் உதவும் பதில்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

மின்வேதியியலும் ஒளிவினையூக்கமும் தனித்தனித் துறைகள்தானே? ஏன் சேர்த்தே சொல்கிறார்கள்?

இரண்டுக்கும் வேர் ஒன்று. 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை ஒரு மின்முனையாகவும் பிளாட்டினத்தை மறு மின்முனையாகவும் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். நீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது. அந்த இரண்டு மின்முனைகளையும் ஒரே துகளுக்குள் சுருக்கிவிட்டால் அதுதான் ஒளிவினையூக்கி. ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவுகிறது, கீழே அது விட்டுப்போன காலியிடம், அதாவது துளை, மிஞ்சுகிறது. துளை ஆக்சிஜனேற்றம் செய்யும், எலக்ட்ரான் ஒடுக்கம் செய்யும். இரண்டும் வேலை செய்வதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் ஒளி வெறும் சூடாகப் போய்விடும்.

அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடில் இந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதை அலைநீளமாக மாற்ற 1240-ஐ அதால் வகுத்தால் 387 நானோமீட்டர். அதைவிட நீளமான அலை அதற்கு உதவாது. சூரிய ஒளியில் புற ஊதாப் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். அதனால்தான் 2.7 எலக்ட்ரான் வோல்ட் உள்ள கார்பன் நைட்ரைடு, 2.4 உள்ள பிஸ்மத் வனடேட் என்று எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தேடிப் போகிறார்கள்.

எங்க ஊர் சாயக்கழிவையே ஆய்வுத் தலைப்பா எடுத்துக்கலாங்களா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானதும் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் 'சாயக்கழிவு' பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் கரைத்தது. திருப்பூரில் பனியன் துணிக்கு மெத்திலீன் நீலம் போடுவதில்லை. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். அது நூலைப் பிடிக்க லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை சோடியம் குளோரைடோ கிளாபர் உப்போ (சோடியம் சல்ஃபேட்) சேர்ப்பார்கள். பிறகு சோடா உப்பு போட்டு பி.எச்.-ஐ 11 பக்கம் ஏற்றுவார்கள்.

இந்தத் தண்ணீரில் உங்கள் வினையூக்கிக்கு மூன்று தடைகள் காத்திருக்கின்றன. முதலாவது, கார்பனேட் அயனி ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தின்றுவிடும். சாயத்துக்குப் போக வேண்டியது அங்கேயே தீர்ந்துபோகும். இரண்டாவது, டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு பி.எச். சுமார் 6-க்கு மேல் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. ரியாக்டிவ் சாயத்தில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அதுவும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் விலகிக்கொள்ளும், சாயம் மேற்பரப்பை நெருங்காது. மூன்றாவது, உப்பு அதிகமானால் நானோ துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும்.

முக்கியமான இன்னொன்று: ஒளிவினையூக்கி உப்பை அகற்றாது. நொய்யலில் நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 'திருப்பூர்க் கழிவுக்குத் தீர்வு' என்று ஆய்வுச் சுருக்கத்தில் எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே கரைந்த உப்பைப் பற்றி வரும். எதிர் சவ்வூடு பரவலுக்குப் (ஆர்.ஓ.) பிறகு தேங்கும் அடர்கழிவில் மிஞ்சும் நிறம், உயிரியல் சுத்திகரிப்புக்கு மசியாத கரிமப் பொருள் இவற்றை நோக்கி வேலை செய்தால் அதில் நியாயம் இருக்கிறது.

மாதிரிக் கழிவு தயாரிக்க ரியாக்டிவ் பிளாக் 5 நல்ல தொடக்கம். உறிஞ்சல் உச்சம் 597 நானோமீட்டர். பட்டறையிலிருந்து வெளிவரும் சாயம் நீராற்பகுப்பு அடைந்தது. ஆகவே பாக்கெட்டிலிருந்து எடுத்த தூளை அப்படியே கரைக்காமல், பி.எச். 11-12-இல் 80 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு, உப்பும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். உண்மைக் கழிவு எடுப்பதானால் பட்டறையின் ஒப்புதலோடு எடுத்து, பி.எச்., கரைந்த உப்பு, சி.ஓ.டி. (கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மூன்றையும் அன்றைக்கே அளந்துவிட்டு மீதியை 4 டிகிரியில் வையுங்கள். சி.ஓ.டி. பார்க்கும்போது குளோரைடு பொய்யாக அளவை ஏற்றும். மெர்குரிக் சல்ஃபேட் போட்டுக் கட்டுப்படுத்துவது வழக்கம் என்றாலும், உப்பு மிக அதிகமான நீரை நீர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மின்னாற்பகுப்பு செய்தால் நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறதே, அது போதாதா?

குளோரைடு உள்ள நீரில் நேர்முனையில் ஹைப்போகுளோரைட் உண்டாகிறது. துணி வெளுக்கும் அதே சரக்கு. நிறம் போகும், ஆனால் குளோரின் ஏறிய கரிமப் பொருள்களும் குளோரேட்டும் மிஞ்சக்கூடும். கிளாபர் உப்புக் கழிவில் இதே முடிவு வராது. எந்த உப்பு என்று சொல்லாமல் வெளியிடும் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒளிவினையூக்கச் சோதனையை முறையாகச் செய்வது எப்படி?

100 மில்லிலிட்டர் சாயக்கரைசல், லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதில் 50 மில்லிகிராம் வினையூக்கி. ஐந்து நிமிடம் சோனிகேட்டரில் வைத்துப் பரப்புங்கள். பிறகு முழு இருட்டில் கலக்குங்கள். 30 நிமிடம் என்று எல்லாக் கட்டுரையும் சொல்லும், அதை நம்பி நிறுத்த வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவந்த பிறகே விளக்கைப் போடுங்கள். பரப்பளவு அதிகமுள்ள கார்பன் கலந்த பொருளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். தொடக்கச் செறிவு என்பது இருட்டுச் சமநிலைக்குப் பிந்தையது. இருட்டிலேயே 60 விழுக்காடு ஒட்டிக்கொண்டதையும் ஒளியின் கணக்கில் சேர்த்து '95 விழுக்காடு சிதைவு' என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை.

ஒவ்வொரு முறையும் 3 மில்லிலிட்டர் எடுத்து, நிமிடத்துக்கு 10,000 சுற்றில் பத்து நிமிடம் சுழற்றி, தெளிந்ததை மட்டும் அளவிடுங்கள். வடிகட்டி பயன்படுத்துவதானால், வினையூக்கியே இல்லாத சாயத்தை அதில் ஊற்றி முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். சில சவ்வுகள் மெத்திலீன் நீலத்தை நன்றாகவே உறிஞ்சும். விளக்கின் சூட்டில் கரைசல் 45 டிகிரிக்குப் போனால் வேகம் மாறும், ஆவியாகிச் செறிவும் ஏறும். இரட்டைச் சுவர் பாத்திரத்தில் தண்ணீர் ஓட்டி 25-30 டிகிரிக்குள் வையுங்கள்.

இணைச் சோதனைகள் இரண்டு கட்டாயம்: வினையூக்கி இல்லாமல் ஒளி மட்டும்; ஒளி இல்லாமல் வினையூக்கி மட்டும். கூடவே கடையில் கிடைக்கும், எல்லோரும் ஒப்பீட்டுக்கு எடுக்கும் பி25 டைட்டானியம் டை ஆக்சைடை அதே விளக்கில், அதே தூரத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட அந்த ஒரு கோடு போதும்.

60 நிமிடத்தில் 90 விழுக்காடு என்றால் முதல் வரிசை வேக மாறிலி 2.303-ஐ 60-ஆல் வகுத்தது, அதாவது நிமிடத்துக்கு 0.038. மடக்கைக் கோடு நடுவில் வளைந்தால் நேர்கோட்டை வற்புறுத்திப் பொருத்தாதீர்கள். வளைவே ஒரு செய்தி: வினையூக்கி செத்துக்கொண்டிருக்கலாம், இடைப்பொருள்கள் போட்டிக்கு வந்திருக்கலாம்.

நிறம் முழுக்கப் போய்விட்டது. சாயம் அழிந்துவிட்டது என்று எழுதலாமா?

கூடாது. நிறம் போவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுதான் நீங்கள் விரும்புவது. சாயம் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தூளின் நிறத்தைப் பாருங்கள், எத்தனாலில் கழுவிப் பாருங்கள். மெத்திலீன் நீலம் நிறமற்ற லியூக்கோ வடிவத்துக்கு ஒடுங்கியிருக்கலாம். காற்றைக் குமிழவிட்டால் நீலம் திரும்பி வரும். ரோடமைன் பி-யில் எத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, உச்சம் 554-லிருந்து 498 நானோமீட்டர் நோக்கி நகரலாம். அப்போது 554-இல் மட்டும் அளந்தவருக்குப் பெரிய வெற்றிபோலத் தெரியும், வளையமோ அப்படியே இருக்கும். நான்காவதுதான் உண்மையான சிதைவு, அதற்குச் சான்று மொத்த கரிம கார்பன் அளவு. கருவி இல்லாவிட்டால் சி.ஓ.டி.யாவது பாருங்கள். நிறம் 95 விழுக்காடு குறைந்த இடத்தில் கரிம கார்பன் பாதிகூடக் குறையாமல் நிற்பது சாதாரணம். அதை அப்படியே எழுதுங்கள்.

சாயமே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தள்ளுவதும் உண்டு. அதனால் 'என் பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்கிறது' என்று நிறுவ, ஃபீனால், சாலிசிலிக் அமிலம் போன்ற நிறமற்ற பொருள் ஒன்றிலும் சோதித்தாக வேண்டும்.

வெயிலில் வைத்துச் செய்யலாமா? இங்கே வெயிலுக்கா பஞ்சம்!

செய்யலாம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒளி பலமடங்கு ஏறி இறங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காலை 11 முதல் 2 மணிக்குள் வையுங்கள். ஒப்பிட வேண்டிய எல்லாப் பீக்கரையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அவசியம். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்றால் ஒப்பீடே இல்லை.

பொருள் தயாரிப்பில் எங்கே தவறுகிறது?

கார்பன் நைட்ரைடுக்கு 5 கிராம் மெலமினை மூடியுள்ள அலுமினாக் குப்பியில் போட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 550 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தால் வெளிர் மஞ்சள் கட்டி கிடைக்கும். மூடி சரியாக இல்லாவிட்டால் பாதி ஆவியாகிவிடும். யூரியாவிலிருந்து செய்தால் பரப்பளவு அதிகம், விளைச்சல் மிகக் குறைவு: 10 கிராம் போட்டால் அரை கிராம் வந்தாலே திருப்திப்படலாம். இரண்டிலும் அமோனியா வரும், ஃபர்னஸ் புகைபோக்கியின் கீழ் இருக்கட்டும். எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு அளவீடு) இதன் பெரிய உச்சம் 27.4 டிகிரி. டைட்டானியம் டை ஆக்சைடின் இன்னொரு படிக வகையான ரூட்டைலின் முதல் உச்சமும் அங்கேதான் விழும். இரண்டையும் கலந்த பொருளில் அந்த ஒரு உச்சத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடில் ஈரம் பட்டதும் வெண்மையாகத் திரிந்துவிடும். மழைக்காலத்தில் பாட்டிலைத் திறந்து வைத்து எடை போட்டால் வேலை அங்கேயே கெட்டது. எத்தனாலோடு அசெட்டிக் அமிலம் சேர்த்து, அதில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்ணீரைக் கடைசியில் எத்தனாலோடு கலந்து விடுங்கள். 450 டிகிரியில் சுட்டால் அனடேஸ், 600-ஐத் தாண்டும்போது ரூட்டைல் தலைகாட்டும்.

ஆட்டோகிளேவில் டெஃப்லான் குடுவையின் கொள்ளளவில் 60-80 விழுக்காடு மட்டும் நிரப்புங்கள். 220 டிகிரிக்கு மேல் டெஃப்லான் இளகிவிடும். அவசரத்துக்குக் குழாயடியில் வைத்துக் குளிர்விப்பதும், சூட்டோடு திறப்பதும் உயிருக்கு ஆபத்து. இரவு அடுப்பை அணைத்துவிட்டுக் காலையில் திறங்கள்.

கண்ணாடிக் கார்பன் மின்முனை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாவில் இந்த வரிசையில், எட்டு என்ற எண் போடும் அசைவில், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் தேயுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் தனித் துணி. கழுவி, ஒரு நிமிடத்துக்குள் சோனிகேட்டரை நிறுத்திவிடுங்கள். நீண்ட நேரம் வைத்தால் ஒட்டு விடும்.

பிறகு 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைத்து, நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் சி.வி. (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஓட்டத்தை அளக்கும் சுழல் வோல்டாமெட்ரி) ஓட்டுங்கள். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனைக்குப் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். விரவல் மாறிலியை 7.6-ஐ பத்து இலட்சத்தால் வகுத்த அளவாக எடுத்தால், ராண்டில்ஸ்-செவ்சிக் சமன்பாடு 16.6 மைக்ரோஆம்பியர் உச்சம் தரும். உச்சங்களுக்கிடையே கோட்பாட்டு இடைவெளி 59 மில்லிவோல்ட். கையில் 65-80 வந்தால் நல்ல முனை. 120-ஐத் தாண்டினால் மறுபடி தேயுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் பழி பெரும்பாலும் ஒப்பீட்டு மின்முனைமேல்தான்: நுனியில் காற்றுக்குமிழ், வற்றிய பொட்டாசியம் குளோரைடு, அடைத்த துளைக்கல். அதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மூடிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடில்தான் வைக்க வேண்டும். எங்கும் பயன்படுத்தாத ஒரு முனையை 'ஆய்வகத் தாய் முனை'யாகப் பெட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை மற்றவற்றை அதோடு ஒப்பிட்டால் ஆண்டு முழுவதற்கும் தலைவலி குறையும்.

நீர்ப்பகுப்பில் என் மிகை மின்னழுத்தம் நம்ப முடியாத அளவு குறைவாக வருகிறது. சந்தோஷப்படலாமா?

கணக்கைப் போட்ட பிறகு பார்க்கலாம். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், பாதரச ஆக்சைடு ஒப்பீட்டு முனைக்கு எதிரே 0.60 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் வந்தது என்று வையுங்கள். 0.60 + 0.098 (ஒப்பீட்டு முனையின் மின்னழுத்தம்) + 0.0591 × 14 (பி.எச்.) = 1.525. அதில் நீர் பிரியக் கோட்பாட்டளவில் வேண்டிய 1.23 போக மிஞ்சும் 295 மில்லிவோல்ட்தான் மிகை மின்னழுத்தம். 0.098 என்ற எண்ணே நிரப்பியிருக்கும் காரத்தைப் பொறுத்து மாறும். அங்கே 30 மில்லிவோல்ட் தவறினால் உங்கள் 'சாதனை' முழுக்க அதில் அடங்கிவிடும். காரத்தில் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு முனையைப் போட்டால் அது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், போடாதீர்கள்.

கரைசல் தடை 5 ஓம், ஓட்டம் 10 மில்லிஆம்பியர் என்றால் 50 மில்லிவோல்ட் தடையிலேயே போகிறது. திருத்தம் செய்தீர்களா, எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். நிக்கல் வினையூக்கியில் இன்னொரு சிக்கல்: கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் உள்ள துளி இரும்பு நிக்கல் ஹைட்ராக்சைடில் ஏறி, ஆக்சிஜன் வெளியீட்டை வெகுவாகக் கூட்டும். திறமை உங்கள் பொருளுடையதா, அந்த இரும்புடையதா என்று பிரித்துக் காட்ட வேண்டும். அமிலத்தில் ஹைட்ரஜன் பார்க்கும்போது மறு மின்முனையாகப் பிளாட்டினம் வேண்டாம். அது சிறிது சிறிதாகக் கரைந்து உங்கள் முனைமேல் படியும், நாளாக நாளாகத் திறமை 'ஏறும்'. கிராஃபைட் தண்டு போதும்.

நிக்கல் நுரையில் பூசினால் மின்தேக்கு திறன் ஆயிரம், இரண்டாயிரம் என்று வருகிறதே?

வெறும் நிக்கல் நுரையைக் காரத்தில் ஓட்டிப் பாருங்கள், அதுவே ஒரு பங்கு தரும். சி.வி.யில் கூரான உச்சங்களும் மின்னிறக்கத்தில் மேடையும் வந்தால் அது மின்கல வகைப் பொருள். ஃபாரட் கணக்கில் எழுதாமல் கிராமுக்கு இத்தனை மில்லிஆம்பியர்-மணி என்று எழுதுங்கள். பூச்சு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தராசின் பிழையே முடிவை ஆட்டிவைக்கும்.

போர்வெல் தண்ணீரில் கழுவலாமா?

முதல் கழுவலுக்கு மட்டும். நம் பக்கத்துப் போர்வெல் நீர் கடினமானது, கால்சியமும் குளோரைடும் கண்ணாடியில் ஒட்டும். கடைசி மூன்று கழுவலும் அயனி நீக்கிய நீரில்தான்.

எங்கள் கல்லூரியில் பெரிய கருவிகள் இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலோர் நிலைமை அதுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கும் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கருவி மையத்துக்கும் மாதிரி அனுப்பலாம். கோவையிலிருந்து கொச்சி பக்கம். ஐ-ஸ்டெம் இணையத் தளத்தில் நாடெங்கும் உள்ள கருவிகளைத் தேடிப் பதியலாம். அனுப்புவதற்கு முன் எக்ஸ்.ஆர்.டி.யையும் புற ஊதா அளவீட்டையும் முடித்துவிடுங்கள். படிகக் கட்டம் தவறான தூளுக்கு டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) எடுப்பது பணத்தைக் கரைப்பது. சோதனைக்கு முந்தைய மாதிரியோடு, சோதனை முடிந்த பிறகு மீட்ட தூளையும் சேர்த்து அனுப்புங்கள். மதிப்பீட்டாளர் கேட்கப்போவது அதைத்தான், அப்போது மறுபடி வரிசையில் நிற்க மாதங்கள் ஆகும்.

நெட் பாஸ் பண்ணாமச் சேரலாங்களா? உதவித்தொகை எவ்வளவு?

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வழியாகச் சேர இடமுண்டு, உதவித்தொகை உறுதியில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6; பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு தளர்வு உண்டு. வீட்டு நிலைமை நெருக்கடியாக இருந்தால் உதவித்தொகை இல்லாமல் சேரச் சொல்ல மாட்டோம். ஓராண்டு கூடப் படித்து ஜே.ஆர்.எஃப். எடுத்துவிட்டு வருவது மேல்.

வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தையும் காட்டச் சொல்லுங்கள். மின்வேதியியல் அளவீட்டுக் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட் ஓடுகிறதா, யாருடைய முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அங்கிருக்கும் அண்ணன், அக்காமார்களிடம் தனியாகக் கேளுங்கள்.

படித்து முடித்தால் இந்தப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா?

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் தகுதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொழில்துறையில், கோவையின் மின்முலாம் பூசும் கூடங்களுக்கும் பம்ப், மோட்டார் ஆலைகளுக்கும் அரிமானமும் பூச்சும் தெரிந்தவர் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நீர் வேதியியல் தெரிந்தவர் வேண்டும். மேட்டூரில் மின்னாற்பகுப்புத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. இவர்கள் கேட்பது 'எத்தனை கட்டுரை' என்றில்லை. மின்மறுப்பு வரைபடத்தைப் பார்த்து எங்கே பழுது என்று சொல்லத் தெரியுமா, முலாம் தொட்டியின் குளோரைடை அளந்து சொல்லத் தெரியுமா என்பதே. மின்கல ஆராய்ச்சிக்குக் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோடைப் பயிற்சிக்கு எம்.எஸ்சி. முதலாண்டிலேயே முயலுங்கள்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வருமா?

வரும். செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள், அதில் வாக்கியங்கள் குறுகியவை. ஆய்வகக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. அன்றன்றைக்கே எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

சோதனை முடிந்த சாயம், நிக்கல், கோபால்ட் கரைசல்களை எங்கே கொட்டுவது?

தொட்டியில் ஊற்றாதீர்கள். கன உலோகக் கரைசலுக்கு ஒரு கேன், கரிமக் கரைப்பானுக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று. என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒட்டுங்கள். நிக்கல், கோபால்ட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச். 10 பக்கம் வீழ்படிவாக்கி, வடிகட்டிய சேற்றைத் தனியாகச் சேமித்தால் கேனின் அளவு குறையும். சி.ஓ.டி. குழாய்களில் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் அடர் கந்தக அமிலத்தில் இருக்கின்றன. அவற்றை வேறு எதோடும் கலக்காமல் கண்ணாடிப் பாட்டிலில் மூடிவைத்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கல்லூரி வழியாக ஒப்படையுங்கள்.